கார்பன் ஃபைபர்ல சொந்தமா மவுண்டன் பைக் ஃப்ரேம்: டியூப் ஒட்டி சுத்துறதா, ஃபோம் கோரா, மோல்டா?

மேட்டுவண்டி:

வணக்கம் எல்லாருக்கும். ஒரு மவுண்டன் பைக் ஃப்ரேமை நானே டிசைன் பண்ணி நானே கார்பன்ல செய்யணும்னு ரொம்ப நாள் ஆசை, இப்பதான் அதுக்கு இடமும் நேரமும் அமைஞ்சிருக்கு. ஹார்ட்டெயில்தான், பின்னாடி சஸ்பென்ஷன் வேணாம்னு முடிவு பண்ணிட்டேன். 29 இன்ச் வீல், முன்னாடி 130 மிமீ ஃபோர்க், ஹெட் ஆங்கிள் (ஃபோர்க் சாய்வு) 65.5 டிகிரி, சீட் டியூப் 76 டிகிரி, செயின்ஸ்டே (பின் வீலுக்குப் போற கீழ்க் குழாய்) 435 மிமீ, ரீச் (பெடல் அச்சுக்கும் ஹெட் டியூப் மேல் முனைக்கும் நடுவுல கிடைமட்ட தூரம்) 460 மிமீ, பின்னாடி 148 மிமீ பூஸ்ட் ஆக்சில், 73 மிமீ திரெட் போட்ட பாட்டம் பிராக்கெட் (பெடல் அச்சு உக்கார்ற குழாய்). என் எடை 82 கிலோ, ஓட்டுறது பெரும்பாலும் கல்லு வேரு நிறைஞ்ச பாதை, பெரிய ஜம்ப் எல்லாம் கிடையாது.

டிராயிங் முடிஞ்சிருச்சு. இப்ப குழப்பமே செய்முறைலதான். ரெடிமேட் கார்பன் டியூப் வாங்கி, வெட்டி ஒட்டி, ஜாயிண்ட் மேல கார்பன் சுத்துறதா? ஃபோம்ல ஃப்ரேம் ஷேப் செதுக்கி அது மேல லேயர் போடுறதா? இல்ல முறையா ரெண்டு பாதி மோல்டு செஞ்சு உள்ள பலூன் வச்சு ஊதுறதா? கடைல விக்கிற ஃப்ரேம் எல்லாம் மோல்டுங்கறதால மனசு அந்தப் பக்கம் போகுது. லேயர் பத்தியும் சொல்லுங்க, 3கே ட்வில் (சாய்கோடு நெசவு) துணி பாக்க அழகா இருக்குறதால மொத்தமும் அதுலயே எட்டு லேயர் போடலாம்னு நினைச்சேன். ரூம் டெம்பரேச்சர்ல காயுற எபாக்சி (நாரைப் பிடிச்சு வைக்கிற பிசின், ரெசின்) போதுமா, இல்ல சூடு குடுக்கணுமா? அனுபவம் உள்ளவங்க கொஞ்சம் விரிவா சொன்னா பெரிய உதவியா இருக்கும்.


நார்க்கோணம்:

நல்ல ப்ராஜெக்ட் நண்பா, முதல் ஃப்ரேமுக்கு ஹார்ட்டெயில்னு முடிவு பண்ணது ரொம்ப சரி. ஆனா நீங்க கேட்ட வரிசைய நான் மாத்திக்கிறேன். எந்த முறைல செய்யுறதுன்றதுக்கு முன்னாடி இந்த ஃப்ரேம் எங்க உடையும்னு பாத்துருவோம், அது தெரிஞ்சா முறை தானா முடிவாகும்.

ஹெட் டியூபும் (ஃபோர்க் சொருகுற குட்டிக் குழாய்) டவுன் டியூபும் (அங்க இருந்து பெடல் பக்கம் இறங்குற குழாய்) சேர்ற இடம். எப்பவும் அங்கதான். கணக்கு போட்டு பாருங்க, 130 மிமீ ஃபோர்க்குக்கு ஆக்சில்ல இருந்து கிரவுன் (ஃபோர்க் கால்கள் மேல சேர்ற இடம்) வரைக்கும் சுமாரா 540 மிமீ, ஹெட் ஆங்கிள் சாய்வை கழிச்சா செங்குத்தா அரை மீட்டர் கிட்ட வருது. ஐஎஸ்ஓ 4210ன்ற சர்வதேச சைக்கிள் பாதுகாப்பு டெஸ்ட்ல மவுண்டன் பைக் ஃப்ரேமோட முன் ஆக்சிலை ஒரு பக்கம் 1200 நியூட்டன், எதிர் பக்கம் 600 நியூட்டன்னு மாத்தி மாத்தி 50,000 தடவை தள்ளி இழுப்பாங்க. 1200ஐ அரை மீட்டரால பெருக்கினா 600 நியூட்டன் மீட்டர், அதாவது ஒரு மீட்டர் நீளக் கம்பி நுனில 60 கிலோ தொங்குற மாதிரி. இந்த முறுக்கை டாப் டியூபும் (மேல் குழாய்) டவுன் டியூபும் பங்கு போட்டுக்கணும், அவங்க ரெண்டு பேருக்கும் நடுவுல ஹெட் டியூப்ல இருக்குற இடைவெளி 7 செமீ தான்னு வச்சுக்கோங்க, 600ஐ 0.07ஆல வகுத்தா 8,500 நியூட்டன் தாண்டுது. கிட்டத்தட்ட 850 கிலோ இழுப்பும் தள்ளும் அந்த குட்டி ஜாயிண்ட்ல மாறி மாறி வருது. கல்லுல முன் வீல் முட்டினா டவுன் டியூப் நசுங்கப் பாக்கும், குதிச்சு இறங்கினா அதே டவுன் டியூப் இழுபடும். இதுக்கு முன்னாடி டியூப் நடுவுல எத்தனை லேயர்ன்றது சின்ன விஷயம்.

அதனால என் கருத்து ஒண்ணே ஒண்ணுதான்: நேரத்தையும் துணியையும் முதல்ல சோதனைக்கான மாதிரி (சாம்பிள்) ஜாயிண்டுகள்ல செலவு பண்ணுங்க. ஹெட் டியூப் துண்டு ஒண்ணு, டவுன் டியூப் துண்டு ஒரு அடி, ஃப்ரேம்ல போடப்போற அதே லேஅப் (லேயர் அடுக்குற வரிசை), அதே பிசின், அதே அழுத்தம். காய்ஞ்சதும் நீளக் கம்பி போட்டு உடைங்க. உடைஞ்ச முகத்தைப் பாருங்க. லேயர் மொத்தமா உரிஞ்சு வந்து அடில பளபளன்னு வழுவழுப்பா இருந்தா ஒட்டவே இல்லைன்னு அர்த்தம், உரசினது பத்தல இல்ல எண்ணெய்ப் பிசுக்கு இருந்திருக்கு. நார் பிஞ்சு பிசிறு பிசிறா நின்னா ஒட்டு பிடிச்சிருக்கு, லோடு நாருக்குப் போயிருக்கு. இந்த வித்தியாசத்தைக் கண்ணால பாக்காம முழு ஃப்ரேமைத் தொடாதீங்க. உடைக்கும்போது கண்ணாடி, முழுக்கை சட்டை கட்டாயம், கார்பன் சிதறல் கண்ணுல போனா எடுக்கறது கஷ்டம்.

இப்ப லேயர். எட்டு லேயர் ட்வில்ன்றதை மறந்துருங்க. ட்வில்ல பாதி நார் 0 டிகிரி, பாதி 90, அதுவும் மேல கீழ நெளிஞ்சு போகுது. டியூபுக்கு வர்ற வளைவைத் தாங்க நீளவாக்குல நேரா ஓடுற யூனிடைரக்ஷனல் (யூடி, ஒரே திசை) நார் வேணும், முறுக்கைத் தாங்க ±45, நசுங்காம இருக்க கொஞ்சம் 90. கோணம் எவ்வளவு முக்கியம்னு ஒரு உதாரணம் சொல்றேன். சாதாரண கார்பன் எபாக்சி யூடி லேயர் நார் திசைல சுமார் 135 ஜிகாபாஸ்கல் விறைப்பு குடுக்கும். அதே லேயர் 10 டிகிரி விலகிப் போனா 78 கிட்ட வந்துரும், வெறும் 10 டிகிரிக்கு 40 சதவீதம் காலி. கையால சுத்தும்போது 10 டிகிரி கண்ணுக்கே தெரியாது. அதனால துணி வெட்டுறதுக்கு முன்னாடி கோடு போட்டு, டெம்ப்ளேட் வச்சு, ஒவ்வொரு துண்டுக்கும் நம்பர் எழுதி வைங்க. +45 எத்தனையோ அத்தனை -45 இருக்கணும், நடு லேயர்ல இருந்து ரெண்டு பக்கமும் ஒரே வரிசையா வரணும், இல்லன்னா காய்ஞ்சதும் துண்டு முறுக்கிக்கும்.

தடிமனையும் நீங்களே கணக்கு போடலாம். 300 கிராம் துணின்னா ஒரு சதுர மீட்டர்ல 300 கிராம் நார், கார்பனோட அடர்த்தி 1.8, அப்ப வெறும் நாரோட தடிமன் 0.167 மிமீ. கொள்ளளவுல பாதி நார் பாதி பிசின்னு வந்தா ஒரு லேயர் 0.33 மிமீ. சும்மா கையால தடவி விட்டா நார் பங்கு 40 சொச்சத்துக்கு இறங்கிரும், தடிமன் ஏறும், கூடுனது வெறும் பிசின். சுவர் தடிமனா இருக்கே பலமா இருக்கும்னு அதை நம்பிறாதீங்க.

இன்னொண்ணு, சுவர் தடிமனைக் கூட்டறதை விட டியூப் விட்டத்தைக் கூட்டறதுல லாபம் அதிகம். 50 மிமீ டியூபை அதே சுவரோட 60 ஆக்கினா எடை 20 சதவீதம்தான் ஏறும், முறுக்கு விறைப்பு 70 சதவீதத்துக்கும் மேல ஏறும். ஆனா ரொம்ப மெல்லிசா பெருசா போனா கல்லடி பட்டு பொத்தல் விழும், டவுன் டியூப் அடிப்பக்கம் எப்பவும் ஒரு லேயர் தாராளமா விடுங்க. ட்வில் ஆசை இருந்தா கடைசியா வெளில ஒரே ஒரு லேயர் போட்டுக்கோங்க, அழகுக்கு அது போதும், கல்லடியும் கொஞ்சம் தாங்கும்.


வேக்கம்பை:

நார்க்கோணம் சொன்னதோட முழுசா ஒத்துப்போறேன், நான் முறை பத்தி மட்டும் சொல்றேன்.

மோல்டு ஆசையை முதல் ஃப்ரேமுக்கு விட்டுருங்க ப்ரோ. அது தப்பான முறைன்னு சொல்லல, அதுதான் சிறந்த முறை. ஆனா மோல்டுன்றது ஒரே ஜியோமெட்ரிக்கு செய்யுற ஒரு பெரிய ப்ராஜெக்ட். முதல்ல ப்ளக் (ஃப்ரேம் வடிவத்துல ஒரு அச்சு) செய்யணும், அதை கண்ணாடி மாதிரி பாலிஷ் பண்ணணும், அதுக்கு மேல ரெண்டு பாதி எடுக்கணும், அப்புறம்தான் ஃப்ரேம். ஓட்டிப் பாத்துட்டு ரீச் 10 மிமீ கூட இருந்திருக்கலாம்னு தோணினா மோல்டு குப்பைக்கு. அதோட உள்ள பலூன் அழுத்தத்தை ஜனங்க குறைச்சு எடை போடுறாங்க. 5 பார் குடுக்குறீங்கன்னா, 60 மிமீ அகலம் 70 செமீ நீளம் உள்ள டவுன் டியூப் பகுதி மட்டுமே மோல்டை 21,000 நியூட்டன் விசையோட பிரிக்கும். ரெண்டு டன்! அதுக்குத் தகுந்த தடிமனும் போல்டும் இல்லன்னா மோல்டு வாய் பிளந்து, பிரியற கோட்டுல நார் எல்லாம் பிதுங்கி வந்துரும்.

ஃபோம் கோர் முறைல சுதந்திரம் அதிகம், எந்த ஷேப் வேணாலும் செதுக்கலாம். எக்ஸ்பிஎஸ் ஃபோம் உள்ளேயே இருந்துட்டுப் போகட்டும், கன மீட்டருக்கு 30 சொச்சம் கிலோதான், முழு ஃப்ரேமுக்கு 150 கிராம் கிட்ட வரும். அசிட்டோன் ஊத்தி கரைக்கலாம்னு சிலர் சொல்வாங்க, நான் வேணாம்பேன். எபாக்சி முழுசா காயாம இருந்தா அசிட்டோன் அதையும் பதம் பாக்கும், கரைஞ்ச ஃபோம் சளி மாதிரி உள்ளேயே ஒட்டிக்கும். ஃபோம் முறைல உண்மையான பிரச்சனை அழுத்தம். வெளில பை போட்டு வேக்கத்தால காத்தை இழுத்தா துணி உள்நோக்கி சுருங்கி டியூப் நீளத்துக்கும் மடிப்பு விழும். மடிப்பு விழுந்த இடத்துல நார் மேலேறி இறங்குது, நசுக்குற லோடு வந்தா அங்கதான் முதல்ல போகும். ஒவ்வொரு ரெண்டு லேயருக்கும் ஒரு தடவை அழுத்தி காய வச்சு அடுத்தது போட்டா மடிப்பு குறையும், வேலை இரட்டிப்பாகும்.

அதனால உங்களுக்கு என் ஓட்டு: டாப் டியூபுக்கும் டவுன் டியூபுக்கும் ரோல் சுத்தின ரெடிமேட் டியூப், செயின்ஸ்டேக்கும் சீட்ஸ்டேக்கும் (பின் வீல்ல இருந்து சீட் பக்கம் ஏறுற குழாய்) ஃபோம் மேல பின்னல் ஸ்லீவ் (உறை மாதிரி பின்னின கார்பன்). நேர் டியூப் ஃபேக்டரி தரத்துல வந்துரும், உங்க உழைப்பு மொத்தமும் ஜாயிண்டுக்குப் போகும். ஸ்லீவ் போடும்போது ஒண்ணு கவனிங்க, இழுக்க இழுக்க அதோட கோணம் மாறும். 50 மிமீ விட்டத்துல 45 டிகிரியா இருக்குற ஸ்லீவை 40 மிமீக்கு இழுத்தா 34 டிகிரி ஆகும், 60க்கு விரிச்சா 58 ஆகும். செயின்ஸ்டே மாதிரி போகப் போக ஒடுங்குற ஷேப்புல ஒரே ஸ்லீவ் ஒரு முனைல ஒரு கோணம், மறு முனைல வேற கோணம். மோசம் இல்ல, தெரிஞ்சு செய்யணும் அவ்வளவுதான். கீழ யூடி பட்டை நீளவாக்குல வச்சு மேல ஸ்லீவை இழுத்து விட்டீங்கன்னா ஸ்லீவே பட்டையைப் பிடிச்சுக்கும்.

அழுத்தத்துக்கு சூடு காட்டினா சுருங்குற டேப், இல்லன்னா எலக்ட்ரிக் டேப்பை ஒட்டுற பக்கம் வெளில வர்ற மாதிரி இழுத்து சுத்தி ஊசியால பொத்தல் போட்டு விடுறது, ரெண்டுமே வேலை செய்யும். ஆனா டேப்போட அழுத்தம் வளைவுல இருந்துதான் வருது. சின்ன ரவுண்டுல நல்லா அழுத்தும், பெரிய ரவுண்டுல குறையும், தட்டையான பக்கத்துல ஒண்ணுமே அழுத்தாது. டவுன் டியூபை சதுரமா டிசைன் பண்ணியிருந்தா இதை யோசிங்க. ஜாயிண்ட்ல உள்வளைவு இருக்குற இடத்துல டேப் துணியைத் தூக்கி விட்டுரும், அங்க வேக்கம் பைதான் சரி.

எபாக்சி விஷயம். ரூம் டெம்பரேச்சர்ல மட்டும் காய வச்ச எபாக்சி பெரும்பாலும் 50, 60 டிகிரில இளக ஆரம்பிக்கும். கறுப்பு ஃப்ரேம் வெயில்ல நின்னாலோ பூட்டின கார்ல கிடந்தாலோ அந்த சூடு சர்வ சாதாரணம். போஸ்ட் க்யூர் (காய்ஞ்ச அப்புறம் சூடு குடுக்கறது) கட்டாயம். தெர்மகோல் இல்ல ராக்வூல் வச்சு ஒரு பெட்டி கட்டி, ஹீட்டரும் காத்தைச் சுத்தி விட ஒரு ஃபேனும் போட்டு, மணிக்கு 10 டிகிரி மாதிரி மெதுவா ஏத்தி, ரெசின் டேட்டா ஷீட் சொல்ற அளவுல நிறுத்துங்க. ஃப்ரேம் ஜிக்லயே (பாகங்களை அளவு மாறாம பிடிச்சு வைக்கிற சட்டம்) இருக்கட்டும், சூடு ஏறும்போது பிசின் ஒரு கட்டத்துல இளகும், அப்ப சாஞ்சா அப்படியே நின்னுரும். உள்ள ஃபோம் இருந்தா அதோட தாங்கு சூட்டையும் பாத்துக்கோங்க, எக்ஸ்பிஎஸ் 75, 80லேயே தளரும், பெட்டிச் சுவருக்கும் அதே கணக்குதான்.


மேட்டுவண்டி:

ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றி, இவ்வளவு கணக்கோட யாரும் எனக்கு சொன்னதில்ல. மோல்டை விட்டுட்டேன். டியூப் வாங்கி ஜாயிண்ட் சுத்துற முறையே எடுத்துக்கிறேன், பின் முக்கோணத்துக்கு ஃபோமும் ஸ்லீவும். மாதிரி ஜாயிண்ட் செஞ்சு உடைக்கிற ஐடியா ரொம்ப பிடிச்சிருக்கு, அதுல இருந்துதான் ஆரம்பம்.

ரெண்டு சந்தேகம். புல்ட்ரூடட்னு போட்டு விக்கிற டியூப் சல்லிசா கிடைக்குது, அது ஓகேவா? அப்புறம் அலுமினியம் பாகங்கள், அதாவது பாட்டம் பிராக்கெட் ஷெல், ஹெட்செட் கப் (ஸ்டியரிங் பேரிங்) உக்கார்ற வளையம், ட்ராப்அவுட் (பின் ஆக்சில் மாட்டுற முனை), இதையெல்லாம் கார்பனோட எப்படி ஒட்டுறது? கார்பனும் அலுமினியமும் சேர்ந்தா துரு பிடிக்கும்னு படிச்சேன்.


அரமும்மட்டமும்:

புல்ட்ரூடட் வேண்டவே வேண்டாம். அதுல நார் எல்லாம் நீளவாக்குல மட்டும் ஓடும், குறுக்க பிடிச்சு வைக்க ஒண்ணும் கிடையாது. லேசா நசுங்கினா மூங்கில் மாதிரி நீளத்துக்கும் பிளந்துரும். கூடாரக் கம்புக்கும் பட்டத்துக்கும் சரி, முறுக்கு வாங்குற ஃப்ரேமுக்கு ஆகாது. ரோல் சுத்தினதுன்னு கேட்டு வாங்குங்க, லேஅப் என்னன்னு விக்கிறவங்ககிட்ட எழுத்துல கேளுங்க, சொல்ல முடியலன்னா விட்டுருங்க.

உலோக பாகம் பத்தி. நீங்க படிச்சது உண்மைதான். கார்பன் மின்சாரம் கடத்தும், அலுமினியத்தோட நேரடியா தொட்டு நடுவுல வேர்வையோ உப்புத் தண்ணியோ சேர்ந்தா அலுமினியம் அரிக்கும், அரிச்ச பொடி வீங்கி ஒட்டைத் தூக்கி விடும். அந்தக் காலத்துல அலுமினிய லக்குக்குள்ள (குழாய்களை இணைக்கிற மூட்டு) கார்பன் டியூபைச் சொருகி ஒட்டின ஃப்ரேம்கள்ல பல வருஷம் கழிச்சு ஜாயிண்ட் விட்டதுக்கு இது ஒரு முக்கிய காரணம். 1986ல வந்த கெஸ்ட்ரல் 4000 ஃப்ரேம் லக் எதுவும் இல்லாம முழுசா கார்பன்லயே வார்த்தது, அதுக்கப்புறம் தொழிலே அந்தப் பக்கம் திரும்பிருச்சு. ஆனா திரெட் வர்ற இடத்துலயும் பேரிங் உக்கார்ற இடத்துலயும் நமக்கு உலோகம் இல்லாம முடியாது. அதுக்கு வழி, நடுவுல ஒரு மெல்லிய கண்ணாடி நார் லேயர், 80 இல்ல 100 கிராம் துணி. கார்பன் ஓரத்தைத் தாண்டி ரெண்டு மூணு மிமீ வெளில நீட்டி இருக்கணும், ஓரத்துலதான் தண்ணி நிக்கும்.

ஒட்டுறதுக்கு லேமினேட் பண்ற ரெசினைப் பயன்படுத்தாதீங்க. கெட்டியான, கொஞ்சம் இழுபடுற எபாக்சி பசை வேணும், 3எம் டிபி420 மாதிரி. ஒட்டு இடைவெளி கால் மிமீ கிட்ட சீரா இருக்கணும். ரொம்ப இறுக்கமா இருந்தா சொருகும்போது பசை மொத்தமும் வழிச்சு வெளில வந்துரும், பாக்க நல்லா இருக்கும், உள்ள காஞ்சு கிடக்கும். 0.25 மிமீ கண்ணாடி மணிகளை பசைல கொஞ்சமா கலந்தா இடைவெளி தானா நிக்கும். அலுமினியத்தை எண்ணெய் போக துடைச்சு, 120 உப்புத்தாள்ல உரசி, மறுபடி துடைச்சு, உரசின அரை மணி நேரத்துக்குள்ள பசை போட்டுருங்க, அலுமினியம் காத்து பட்டதும் புது ஆக்சைடு வளர்த்துக்கும். துடைச்சதுக்கு அப்புறம் விரல் படவே கூடாது.

ட்ராப்அவுட்டுக்கு ஒரு முக்கியமான யோசனை. இடது பக்க ட்ராப்அவுட்டையும் பிரேக் மவுண்டையும் ஒரே அலுமினிய கட்டைல இருந்து மெஷின் பண்ணி எடுங்க. டிஸ்க் பிரேக் பிடிக்கும்போது காலிப்பரைத் தள்ளுற விசை உலோகத்துக்குள்ளேயே ஆக்சிலுக்குப் போயிரணும், அது ஒரு ஒட்டு வழியா போகக் கூடாது. சீட்ஸ்டே மேல தனியா பிரேக் மவுண்ட் ஒட்டி சுத்தி வச்சவங்க இருக்காங்க, எனக்கு மனசு ஒப்பல. வலது பக்கம் யூடிஹெச் ஹேங்கருக்கு (பின் கியர் டீரெய்லர் தொங்குற, பொது அளவுல வர்ற துண்டு) இடம் விட்டு டிசைன் பண்ணுங்க, ஹேங்கர் வளைஞ்சா எங்க வேணாலும் மாத்து கிடைக்கும்.

பாட்டம் பிராக்கெட் ஷெல்லை ஒட்டும்போது எது வலது எது இடதுன்னு மார்க்கர்ல பெருசா எழுதிருங்க. பிஎஸ்ஏ வகை திரெட்னா செயின் பக்கம் இடது புரி, மாத்தி ஒட்டிட்டா திருப்ப வழியே இல்ல. ஒட்டும்போது புரிக்குள்ள பழைய கப்பை மெழுகு தடவி மாட்டி வச்சா பசை உள்ள போகாது.

ஜிக் எப்படி செய்யறதுன்னு யாரும் சொல்லல. அலுமினிய எக்ஸ்ட்ரூஷன் கிடைச்சா நல்லது, இல்லன்னா தடிமனான எம்டிஎஃப் பலகை மேல 1:1 டிராயிங்கை ஒட்டி கட்டைகள் வச்சாலும் போதும், மட்டமா மட்டும் இருக்கணும். ஹெட் டியூபுக்குள்ள ஒரு நேர்க்கம்பி, பாட்டம் பிராக்கெட்டுக்குள்ள ஒரு கம்பி, பின்னாடி 148 மிமீ டம்மி ஆக்சில். பாட்டம் பிராக்கெட் முகத்துல இருந்து எல்லாத்தையும் அளங்க, அதுதான் உங்க ஆதாரம். ஸ்டீல் ஃப்ரேமா இருந்தா கடைசில வளைச்சு சரி பண்ணலாம், கார்பன் ஒரு தடவை காய்ஞ்சா காய்ஞ்சதுதான். பின்னாடி ஒட்டுறதுக்கு முன்னாடி நீங்க ஓட்டப்போற டயரோட நிஜ வீலையும், செயின்ரிங் போட்ட கிராங்கையும் மாட்டிப் பாருங்க. டயருக்கு ரெண்டு பக்கமும் 6 மிமீ, சேத்துல ஓட்டுறவரா இருந்தா அதுக்கும் மேல. 2.4 இன்ச் டயருக்கும் செயின்ரிங்குக்கும் நடுவுல செயின்ஸ்டே போற அந்த இடுக்குலதான் எல்லா ஹார்ட்டெயில் டிசைனும் திணறும், டிராயிங்ல இடம் இருக்குறதுக்கும் சுத்தி முடிச்ச அப்புறம் இடம் இருக்குறதுக்கும் லேஅப் தடிமன் அளவு வித்தியாசம் வரும்.


பள்ளத்தாக்கு:

உற்சாகத்தைக் கெடுக்கறதுக்காக சொல்லல. ஸ்டீல் உடையுறதுக்கு முன்னாடி வளையும், சத்தம் குடுக்கும், கார்பன் பல நேரம் அப்படி இல்ல. ஹெட் டியூப் விட்டுச்சுன்னா முகம்தான் முதல்ல தரைல படும். ஃபேக்டரிக்காரங்க ஆயிரக்கணக்குல செஞ்சு மெஷின்ல போட்டு உடைச்சுப் பாத்துட்டு விக்கிறாங்க, வீட்டுல ஒருத்தர் ஒண்ணே ஒண்ணு செஞ்சு அதுல மலை இறங்கறது எந்த நம்பிக்கைல? ஒரு மாதிரி ஜாயிண்டை உடைச்சுப் பாத்தா 50,000 தடவை ஆட்டின மாதிரி ஆயிருமா? இதுக்கு பதில் தெரிஞ்சா நல்லது.


நார்க்கோணம்:

கேக்க வேண்டிய கேள்வி, நன்றி. ஆகாது. ஒரு தடவை உடைக்கிறது களைப்பு (திரும்பத் திரும்ப லோடு வந்து பலம் குறையுறது) டெஸ்ட்டுக்கு ஈடாகாது. அதனாலதான் மாதிரில எதிர்பாக்குற லோடை விட நிறைய அதிகமா தாங்கணும். 600 நியூட்டன் மீட்டர்தான் கணக்குன்னா மாதிரி ஜாயிண்ட் 600ல நின்னா போதாது, நான் மூணு மடங்குக்குக் கீழ ஒத்துக்க மாட்டேன். கார்பன் நாரை அதோட உடையுற அளவுல மூணுல ஒரு பங்குக்குக் கீழயே வேலை வாங்கினா களைப்பு ரொம்ப மெதுவாத்தான் சேரும், முதல்ல களைக்கிறது பிசினும் ஒட்டும்தான். ஃபேக்டரி ஃப்ரேம் 1.2 கிலோல வருதுன்னு பாத்து அதோட போட்டி போடாதீங்க, அவங்ககிட்ட டெஸ்ட் மெஷின் இருக்கு, அதனால எங்க குறைக்கலாம்னு தெரியும். நமக்குத் தெரியாது, அந்தத் தெரியாமைக்கு விலையா அரை கிலோ கூட சுமக்கலாம். 1.8 கிலோ வந்தாலும் அது நல்ல ஃப்ரேம்தான்.

ஜாயிண்ட் எப்படி சுத்தணும்னும் சொல்லிடறேன், களைப்பு அங்கதான் தீர்மானம் ஆகுது. டியூப் முனையை ஹெட் டியூப் ரவுண்டுக்கு சரியா வாய் வெட்டுங்க, வெளிச்சம் தெரியாத அளவுக்கு. ஒட்டி காய்ஞ்சதும் மூலைல கெட்டியாக்கின எபாக்சியால உள்வளைவு போடுங்க, 8, 10 மிமீ ஆரம். இது இல்லன்னா நார் மூலைல திரும்ப முடியாம பாலம் மாதிரி அந்தரத்துல தாண்டிப் போகும், அடில காத்து. அதுக்கு மேல ±45 துண்டுகள், அப்புறம் ஹெட் டியூப் பக்கவாட்டுல இருந்து டவுன் டியூப் மேல நேரா ஓடி வர்ற யூடி பட்டைகள், ஹெட் டியூபைச் சுத்தி வந்து மறுபக்கம் இறங்குற மாதிரி. ஒவ்வொரு லேயரும் முந்தினதை விட 5, 6 மிமீ நீளமா இல்ல குட்டையா முடியணும். எல்லா லேயரும் ஒரே கோட்டுல முடிஞ்சா அந்தக் கோட்டுல டியூப் உடையும். நான் பாத்த வீட்டு ஃப்ரேம்கள்ல பெரும்பாலானது ஜாயிண்டுக்குள்ள உடையல, ஜாயிண்ட் முடியுற ஓரத்துலதான் உடைஞ்சிருக்கு.

ஒரு லேயர் காய்ஞ்ச மேல அடுத்தது போடுறீங்கன்னா நடுவுல பீல் ப்ளை (காய்ஞ்சதும் உரிச்செடுக்கிற துணி) போட்டு உரிங்க. சில ஹார்ட்னர்ல காயும்போது மெழுகு மாதிரி ஒரு படலம் மேல வரும், அது தண்ணில கரையும், அசிட்டோன்ல துடைச்சா பரவத்தான் செய்யும். முதல்ல தண்ணி, அப்புறம் உரசல், அப்புறம் துடைப்பு.

ஃப்ரேம் முடிஞ்சதும் பின் ஆக்சிலை இறுக்கிக் கட்டி, ஹெட் டியூப்ல நீளக் கம்பி மாட்டி எடை தொங்க விட்டு, எவ்வளவு முறுக்குதுன்னு டயல் கேஜ்ல (சின்ன அசைவை அளக்கிற கருவி) அளந்து எழுதி வைங்க. ஓட்ட ஆரம்பிச்ச அப்புறம் அப்பப்ப அதே எடை அதே அளவு. விறைப்பு குறைஞ்சா உள்ள எங்கயோ லேயர் பிரியுதுன்னு அர்த்தம், கண்ணுக்குத் தெரியாததை இது காட்டிக் குடுக்கும். ஜாயிண்ட் எல்லாம் நாணயத்தால தட்டிக் கேளுங்க, கணீர்னு இருந்த இடம் மொத்துன்னு கேட்டா ஓட்டுறதை நிறுத்துங்க. ஜாயிண்ட் பகுதிக்கு பெயிண்ட் வேணாம், யூவி தாங்குற க்ளியர் கோட் மட்டும் போடுங்க, விரிசல் வந்தா தெரியணும்.


வேக்கம்பை:

உடம்பு பத்தி யாரும் சொல்லல, நான் சொல்லிடறேன். கார்பன் நார் 7 மைக்ரான் தடிமன், உரசும்போது வர்ற தூசு அதை விட நுணுக்கம். தண்ணி விட்டு உரசுங்க, நுண்தூசு தடுக்கிற பி100 மாஸ்க் போடுங்க, துணி மாஸ்க் போதாது. இந்த தூசு மின்சாரம் கடத்தும், அதனால கிரைண்டர் டிரில் மோட்டாருக்குள்ள போனா ஷார்ட் ஆகும், கம்ப்யூட்டர் இருக்குற ரூம்ல இந்த வேலை வேணாம்.

எபாக்சி தோல்ல படுறதை சாதாரணமா எடுத்துக்காதீங்க. முதல் பல தடவை ஒண்ணும் ஆகாது, ஒரு நாள் அலர்ஜி ஆரம்பிச்சா அப்புறம் வாழ்க்கைக்கும் எபாக்சி பக்கமே போக முடியாது. நைட்ரைல் கையுறை, கிழிஞ்சா உடனே மாத்துங்க, கைல பட்டா சோப்புத் தண்ணி, அசிட்டோன் வேண்டாம், அது பிசினைத் தோலுக்குள்ள கொண்டு போகும். கலக்கும்போது எடை மெஷின் வச்சு அளந்து கலங்க, சீக்கிரம் காயட்டும்னு ஹார்ட்னரைக் கூட்டினா காயவே காயாது. ஒரே கப்ல நிறைய கலந்து வச்சா தன் சூட்டுலயே புகைஞ்சு போகும், சின்ன சின்ன அளவா கலந்து அகலத் தட்டுல ஊத்தி வைங்க.


மேட்டுவண்டி:

எல்லாருக்கும் மனசார நன்றி. பள்ளத்தாக்கு, உங்க கேள்விதான் எனக்கு ரொம்ப உதவினது, இல்லன்னா மூணு மடங்கு கணக்கு எனக்குத் தெரிஞ்சிருக்காது. டிராயிங்கைத் திருத்திட்டேன், டவுன் டியூப் வட்டமா 60 மிமீ, ஹெட் டியூபை 10 மிமீ நீட்டி டாப் டியூபுக்கும் டவுன் டியூபுக்கும் இடைவெளியைக் கூட்டியிருக்கேன், அதுலயே ஜாயிண்ட் லோடு கணிசமா குறையுது. மாதிரி ஜாயிண்டுக்கு டியூப் துண்டும் யூடி துணியும் சொல்லி வச்சாச்சு.

கடைசியா ரெண்டு சின்ன கேள்வி. டிராப்பர் போஸ்ட் (ஓட்டும்போதே உயரம் மாத்துற சீட் கம்பி) 31.6 மிமீ போடணும், சீட் டியூபுக்குள்ள அந்த அளவு துல்லியமா எப்படி கொண்டு வர்றது? கேபிள் உள்ள விட டவுன் டியூப்ல ஹெட் டியூப் பக்கத்துல துளை போடலாமா?


அரமும்மட்டமும்:

சீட் டியூப் மேல் பாதில ஒரு மெல்லிய அலுமினிய ஸ்லீவ் ஒட்டுங்க, உள் விட்டம் கொஞ்சம் கம்மியா வச்சு, எல்லாம் காய்ஞ்சு போஸ்ட் க்யூரும் முடிஞ்ச அப்புறம் ரீமர் (துளையைத் துல்லியமா பெருசாக்குற கருவி) விட்டு 31.6க்குக் கொண்டு வாங்க. முன்னாடியே ரீம் பண்ணிட்டா சூட்டுல மாறிரும். ஸ்லீவ் டாப் டியூப் ஜாயிண்டைத் தாண்டிக் கீழ வரைக்கும் போகட்டும், இல்லன்னா ஸ்லீவ் முடியுற ஓரமும் ஜாயிண்ட் ஓரமும் ஒரே இடத்துல விழும். கிளாம்ப் பிளவை ஒரு வட்டத் துளைல முடிங்க, கூர்மையா விட்டா அங்க இருந்து விரிசல் ஓடும்.

டவுன் டியூப்ல ஹெட் டியூப் பக்கத்துல துளை கூடவே கூடாது, மேல அவ்வளவு கணக்கு போட்டு பலப்படுத்தின அதே இடம் அது. பிரேக் ஹோஸையும் கியர் கேபிளையும் வெளிலயே விடுங்க, டவுன் டியூப் மேல குட்டி கிளிப் ஒட்டினா போதும், சர்வீஸும் சுலபம். டிராப்பர் கேபிளுக்கு மட்டும் சீட் டியூப் கீழ, பாட்டம் பிராக்கெட்டுக்கு ஒரு 6, 7 செமீ மேல, பக்கவாட்டுல ஒரு நீள்வட்டத் துளை. போடப்போற இடத்துல முன்கூட்டியே ±45 துண்டு ரெண்டு லேயர் ஒட்டிட்டு, அப்புறம் டைமண்ட் பிட்ல மெதுவா துளைச்சு, ஓரத்தை உரசி எபாக்சி தடவி மூடிருங்க. மாதிரி ஜாயிண்டை உடைச்சதும் உடைஞ்ச முகத்தோட போட்டோவை இங்க போடுங்க, ஃப்ரேமைத் தொடுறதுக்கு முன்னாடி நாங்களும் ஒரு தடவை பாத்து சொல்றோம்.